மாந்துளிர் நிறத்தில் ஒரு கார்

தாராவி
12-1-2025

செல்விக்கு,

நலம். நீயும் உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டு விஷயம் இல்லை, தொழில் விஷயம். அதனால் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. என் நம்பரை நீ பிளாக் பண்ணி இரண்டு மாதம் ஆகப்போகிறது. பண்ணாமல் இருந்தாலும் இது போனில் பேசி ஆகிற காரியம் இல்லை. கலர் அடித்த தகட்டைக் கையில் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்க்கவேண்டும், போட்டோவில் கலர் பொய் சொல்லும் என்று வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிறவள் நீதானே.

மாட்டுங்காவிலிருந்து கேஷவ் என்று ஒரு சார், பாங்கில் ரிட்டயர் ஆனவர், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்து விட்டிருக்கிறார். 1961 மாடல், இங்கிலீஷ்காரன் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். நம் பட்டறை வாசலில் இதைப்போல ஒன்று இதுவரை நின்றதில்லை. பழைய பெயிண்டை உரித்து பிரைமர் அடித்து நிறுத்தியிருக்கிறேன். பக்கத்துத் தோல் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தகராறு கலரில். சாருக்குப் பழையபடி சிவப்பு வேண்டும். ஒரிஜினல் கலர் மாறினால் பழைய கார் ஊர்வலத்தில் மார்க் குறைப்பார்களாம். அவர் வீட்டு ஷ்யாமளா மாமி விடவில்லை. என் எதிரிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"முப்பத்தெட்டு வருஷமா என்னை ஃபயர் இஞ்சின்ல உக்காத்தி வெச்சு ஊரைச் சுத்தியாச்சு. இனிமே நான் சொல்ற கலர்தான்" என்று பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மாந்துளிர் கலர் பட்டு.

பட்டில் பார்த்திருக்கிறோம். மாமரம் புதிதாக விடுகிற இலையின் நிறம், சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, செம்பும் இல்லை, மூன்றும் இருக்கும். காரில் இதை யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று விதமாகக் கலந்து மூன்று தகட்டில் அடித்திருக்கிறேன். துண்டில் பாதியையும் பார்சலில் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றில் எது கிட்டத்தில் வருகிறது என்று மட்டும் எழுது. எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. பெரிய இடம், இரண்டு பேர் பார்த்ததாக இருக்கட்டும் என்றுதான்.

முதுகு வலி குறைந்திருக்கிறது. டிபி மாத்திரையை ஒரு நாள் விடாமல் போடுகிறேன். பொங்கலுக்கு வாழ்த்துகள்.

சொரிமுத்து

*

கோபர்கைரனே
18-1-2025

சொரிமுத்து ஆட்டோ பெயிண்ட்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

தொழில் விஷயம் என்று எழுதியிருப்பதால் தொழில்காரர்களுக்கு எழுதுவதுபோலவே எழுதுகிறேன்.

தங்கள் தகடுகள் கிடைத்தன. ஒன்றாம் நம்பர் செங்கல். இரண்டாம் நம்பர் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி. மூன்றாம் நம்பருக்கு நான் பெயர் சொன்னால் அக்கா வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். மூன்றையும் அந்தப் பட்டுத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினீர்களா? என்னைக் கேலி பண்ண வேண்டுமென்றால் கூரியர் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

இரண்டாவது கண் எதற்கு உங்களுக்கு? முதல் கண்ணைப் பற்றித்தான் உலகத்துக்கே சொல்லியாகிவிட்டதே. பழைய கார் பைத்தியங்கள் நடத்துகிற அந்த யூடியூப் சேனலில் வந்த உங்கள் வீடியோவை நான் பதினோரு தடவை பார்த்தேன். "இவ்வளவு துல்லியமா எப்படிண்ணே கலர் சேக்குறீங்க?" என்று பேட்டி எடுக்கிற பெண் கேட்கிறாள். நீங்கள் உங்கள் கண்ணைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். "எல்லாம் இந்தக் கண்ணுதான். சாமி குடுத்தது." பின்னால் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து கலர் கலந்துகொண்டிருப்பது யார்? நான். அதற்குப் பிறகு திரும்பி, "ஏட்டி, நாலு சாயா சொல்லு" என்கிறீர்கள். அதையும் வெட்டாமல் போட்டிருக்கிறார்கள்.

பதினெட்டு வருஷம் அந்தத் தராசில் உட்கார்ந்தேன். போர்டில் என் பெயரைப் போடச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை, "அவதான் கலக்குதா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சாயாவைக் கொண்டுவந்து வைத்த கையோடு நான் கிளம்பினேன். இப்போது இங்கே ஒரு பெயிண்ட் கடையில் வேலை. கலர் கலக்க மிஷின் இருக்கிறது. மிஷின் தப்புப் பண்ணும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடும்போது மேடம் என்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் எழுத்து ஏன் இப்படிப் பூசணிக்காய் பூசணிக்காயாக இருக்கிறது? பக்கத்துக்கு ஏழு வரி. எனக்குக் காது கேட்காது என்று நினைத்து எழுத்தில் கத்துகிறீர்களா?

இனிமேல் தகடு அனுப்பவேண்டாம்.

இசக்கிசெல்வி

*

தாராவி
27-1-2025

செல்விக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். அந்தத் தகடுகளுக்கு நம் பட்டறைப் பையன் வாசிம்தான் கலந்தான். எனக்கு முதுகு வலி என்று அவனிடம் விட்டேன், அவன் இப்படிப் பண்ணிவிட்டான். நன்றாகத் திட்டியாகிவிட்டது. இப்போது நானே கலந்து இரண்டு தகடு அனுப்பியிருக்கிறேன். இவை சரியாகத்தான் இருக்கும். பார்த்து ஒரு வரி எழுது போதும்.

ஷ்யாமளா மாமி போன வாரம் வந்திருந்தார். முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, நான் அடித்து வைத்திருந்த ஒரு தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது வேற யாரோ ஆர்டர் குடுத்ததா?" என்றார். "ஆமா மாமி, அது வேற பார்ட்டி" என்றேன். சார் அதைச் சாக்காக வைத்து, "பேசாம சிவப்பே அடிச்சுடலாமே, ஷ்யாமி" என்றார். "நீங்க சும்மா இருங்கோ. அவர் கொண்டுவந்துடுவார், வீடியோ பார்த்தேனே, அவர் கண்ணைப் பத்தி" என்று மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தகட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வீடியோவைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தப்புத்தான்.

எழுத்து பெரிதாக இருப்பது புதுப் பேனாவினால். ஸ்கெட்ச் பேனா, மை அதிகம் கொட்டுகிறது.

எத்தனை கிராம் எதெது என்று நீ எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். தராசு இருக்கிறது, வாசிம் இருக்கிறான்.

சொரிமுத்து

*

கோபர்கைரனே
3-2-2025

உங்களுக்கு,

புதுத் தகடு இரண்டையும் பார்த்தேன். ஒன்று இலைப்பச்சை, இன்னொன்று துரு. இரண்டின் பின்னாலும் "மாந்துளிர், ஒரே கலவை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பார்த்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. நேற்று வாசிமுக்குப் போன் போட்டேன். அவன் ரொம்ப நேரம் பேச்சை மாற்றினான். சத்தியம் பண்ணச் சொன்ன பிறகு, "பாபி, சேட் என்னை டப்பாவைத் தொடவே விடமாட்டேங்கறாரு. எல்லாம் அவரே கலக்குறாரு. எப்படியிருக்குன்னு கேட்டா நான் பஹுத் படியா, ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிடுறேன். எப்படி பாபி வேற சொல்றது?" என்றான். முதல் மூன்று தகட்டையும் நீங்கள்தான் கலந்திருக்கிறீர்கள். பாவம், அவன் தலையில் போட்டீர்கள்.

யோசித்துப் பார்க்கிறேன். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே "எனக்கு அசதியா இருக்கு, நீயே பாத்து முடி" என்று ஒவ்வொன்றையும் என் பக்கம் தள்ளினீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். சிக்னலில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வயசான காலத்தில் ஆசை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

இத்துடன் நான் இரண்டு தகடு அனுப்புகிறேன். ஒன்று கிளிப்பச்சை, ஒன்று செங்கல் சிவப்பு. சின்னக் குழந்தை சொல்லிவிடும். ஒன்றின் பின்னால் ஆணியால் கோடு கீறியிருக்கிறேன். கோடு இருப்பது பச்சையா, சிவப்பா? யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்து எழுதுங்கள். கேட்டு எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

செல்வி

*

தாராவி
11-2-2025

செல்வி,

தெரியவில்லை.

இரண்டு நாள் பார்த்தேன். வாசலில் வைத்துப் பார்த்தேன், டியூப் லைட்டில் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒரே சேற்று நிறம். ஒன்று கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறதோ என்று ஒரு தடவை தோன்றியது, மறுதடவை தோன்றவில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே. உன்னிடம் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியிலிருந்து இப்படி. சிவப்பு முதலில் போனது. வெளுத்துக்கொண்டே வந்து ஒரு நாள் ரத்தச் சிவப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே பழுப்பாக இருந்தது. கம்பெனிக்காரன் டப்பாவை மாற்றிவிட்டான் என்று திட்டினேன். பிறகு பச்சை.

இது டிபி மாத்திரையினால் வருவது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், நீ மறந்திருப்பாய். மாசாமாசம் மாத்திரை வாங்கப் போகும்போது அந்த மலையாளத்து நர்ஸம்மா கேட்கும்: "கண்ணு எப்படி? சிவப்பு, பச்சை ஒழுங்காத் தெரியுதா? இந்த மாத்திரை சில பேருக்குக் கண்ணைப் பிடிக்கும். உடனே சொன்னா மாத்திக் கொடுப்போம், சரியாயிடும்." அப்போது நான் என்ன சொன்னேன்? "நான் கார் பெயிண்டரும்மா. எங்கிட்டயா கலர் தெரியுதான்னு கேக்கிய?" அந்த அம்மா சிரித்தது. "ஆமால்ல" என்று சீட்டில் டிக் போட்டுவிட்டது. முதல் நாலு மாதம் அது உண்மை. ஐந்தாவது மாதம் அதே கேள்வி, நான் அதையே சொன்னேன். வாயில் அதுதான் வந்தது.

எப்படிச் சொல்ல? முப்பது வருஷமாகச் செய்த தொழில். பெயிண்டருக்குக் கலர் தெரியவில்லை என்று ஒரு தடவை வெளியே போனால் தொண்ணூறு அடி ரோட்டில் எவன் என்னிடம் வண்டியை விடுவான்? ஆஸ்பத்திரியில் சொன்னால் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தால், இத்தனை நாள் உன் கண்ணில்தான் பட்டறை ஓடியது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அது உண்மைதான். உண்மையாக இருந்ததனால்தான் வாயில் வரவில்லை.

வீடியோக்காரர்கள் வந்த அன்றைக்கு எனக்கு எதிரில் நின்ற கார் சிவப்பா பச்சையா என்று தெரியாது. கண்ணைப் பற்றிக் கேட்டதும் பயந்துவிட்டேன். பயத்தில் பெருமையடித்தேன். நீ சாயா கொண்டுவந்து வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, நீ போகப்போகிறாய் என்று.

கோடு போட்டது எந்தக் கலர்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சொரிமுத்து

*

கோபர்கைரனே
14-2-2025

என்னங்க,

பச்சை. கோடு போட்டது பச்சை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், முதுகெலும்பில் வந்த டிபி திரும்பி வந்தால் படுக்கையில் போட்டுவிடும். போய் உண்மையைச் சொல்லுங்கள். எந்த மாத்திரை கண்ணைப் பிடிக்கிறதோ அதை மட்டும் அவர்கள் மாற்றுவார்கள். சீக்கிரம் நிறுத்தினால் போன பார்வை திரும்பி வருமாம், விட்டுவிட்டால் மொத்தமாகப் போய்விடுமாம். இங்கே கடைக்கு வருகிற ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

மறக்கவில்லை நான். ஐந்தாவது மாதம் அந்த நர்ஸம்மா கேட்டபோதும் நான் உங்கள் பக்கத்தில் அந்த நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்த அம்மாவைவிடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லையே. சேலையில் ஒரு நூல் மாறினால் கண்டுபிடிக்கிறவள், புருஷன் கண்ணில் கலர் போனது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன் பண்ணினேன். நாலு தடவை. ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறது. உங்களை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், கூப்பிடுங்கள்.

கார் பற்றிக் கவலைப்படவேண்டாம். மாந்துளிரை நானே கலந்துவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் போன ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது முதலாளியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிட்டது. ஆக்சைடு சிவப்பில் மஞ்சள் போட்டு, பச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் பொன்பொடி. முழுக் காருக்கும் ஆகிற அளவு, நாலு டப்பா, ஒரே கலவை. வாசிம் ஸ்கூட்டரில் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். நீங்கள் ஸ்ப்ரே கன் பிடித்து அடித்தால் போதும். உங்கள் கைக்குக் கலர் தெரியவேண்டாம். அந்தக் கையைப் பற்றி நான் என்றைக்காவது குறை சொல்லியிருக்கிறேனா?

ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. போய்விட்டு வந்து எழுதுங்கள்.

செல்வி

*

தாராவி
24-2-2025

செல்வி,

போய்விட்டு வந்தேன். சொல்லிவிட்டேன். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகத் தெளியும் என்றார்கள். நீ கவலைப்படவேண்டாம். போன் தின்னர் டப்பாவில் விழுந்துவிட்டது, அதனால்தான் எடுக்க முடியவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

கார் அடித்தாயிற்று. நான்கு கோட்டிங், அதற்கு மேல் பளபளப்புக்கு லேக்கர். டப்பாவைத் திறந்ததும் வாசிம் ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே தெரிந்தது, சரியாக வந்திருக்கிறது என்று. பொய் சொல்லும்போதுதான் அவன் உடனே பேசுகிறான். அடிக்கும்போது நான் கண்ணை மூடியேகூட அடித்திருக்கலாம். காற்றின் சத்தத்திலும் கையின் கனத்திலும் வேலை நடந்தது. ஒரு இடத்தில் வழியவில்லை. நீ இருந்தால் விரல் வைத்துப் பார்த்துவிட்டு "ம்" என்று சொல்லியிருப்பாய். அந்த ஒரு "ம்" கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை டெலிவரி. கேஷவ் சாரும் மாமியும் வருகிறார்கள். நீ வரவேண்டும். எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன், கலர் கலந்தது என் வீட்டுக்காரி என்று. உன்னை வைத்துக்கொண்டு சொல்லவேண்டும் என்று ஆசை. நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருபத்தி நாலு வருஷம் நீயும் நானும் இந்தப் பட்டறையும்தான். நீ இல்லாமல் இங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, செல்வி. சோறு இறங்கவில்லை. இதை முன்னாலேயே எழுதியிருக்கவேண்டும்.

வருவாயா?

சொரிமுத்து

*

கோபர்கைரனே
2-3-2025

என்னங்க,

ஆஸ்பத்திரிக்குப் போனதாக எழுதியிருப்பதைப் படித்து அக்கா மடியில் தலை வைத்து அழுதேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் சீட்டைக் காட்டு என்று கேட்டிருப்பேன். இந்த ஒரு தடவை கேட்காமல் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி இப்போது எழுத முடியவில்லை. அங்கே வந்து நின்றால் அந்த வீடியோ ஞாபகம் வரும், எதாவது பேசிவிடுவேன். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாஷியில் மாறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடக்கிற தூரம் முழுக்க யோசிக்கவேண்டும். வந்தால் பாருங்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

செல்வி

*

தாராவி
9-3-2025, சாயங்காலம்

செல்வி,

நீ வரவில்லை.

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மூடியிருந்த துணியை மாமி கையாலேயே எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் கேஷவ் சார், "அடேயப்பா!" என்றார். அதற்கு அப்புறம் அவர் சிவப்பைப் பற்றிப் பேசவேயில்லை. மாமி தன் மாந்துளிர்ப் புடவைத் தலைப்பைக் கதவோரமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கே முடியறது எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியலையே" என்றார். தோல் பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள்.

நான் சொன்னேன். "இந்தக் கலர் என் வீட்டுக்காரி இசக்கிசெல்வி கலந்தது. இந்தப் பட்டறையில பதினெட்டு வருஷமா எல்லாக் கலரும் அவதான் கலந்தா. நான் அடிக்க மட்டுந்தான் செய்வேன்." ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். மாமி, "எங்கே அவா? கூப்பிடுங்கோ, கையைப் பிடிச்சுக்கணும்" என்றார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எத்தனை நேரம்தான் காத்திருப்பார்கள்? பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டார்கள். வாசிம் வழிகாட்ட ஸ்கூட்டரில் கூடப் போனான்.

தராசுப் பக்கத்தில் உனக்கு ஒரு புது நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு அம்மா வந்து வாசலில் நின்றது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வசூலாக இருக்கும். யாரு வேணும் என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. நீ வரவேண்டிய நேரத்தில் யார் யாரோ வருகிறார்கள். மூன்று மணி வரை பார்த்தேன்.

கண் நன்றாகத் தெளிந்துகொண்டு வருகிறது. மாந்துளிர்கூட இன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. அதனால் என் கண்ணுக்காகப் பரிதாபப்பட்டு நீ ஒன்றும் செய்யவேண்டாம். காலி டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வாசிம் நாளை அங்கே வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாய், ஊர் முன்னாலேயே சொன்னேன். அப்புறமும் வராதவளை நான் இனிமேல் கூப்பிடமாட்டேன்.

சொரிமுத்து

*

கோபர்கைரனே
10-3-2025

அத்தானுக்கு,

நீங்கள் படிக்கவேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். வாசிம் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் இதில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

நான் வந்தேன்.

குர்லாவில் வண்டி நின்றுவிட்டது, ஒன்றரை மணி நேரம் தாமதம். சயானில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். தொண்ணூறு அடி ரோட்டு முனையில் சிக்னலில் அந்தக் கார் நின்றது. நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். கூரை மடித்திருந்தது. மாமி புடவையும் கதவும் ஒரே துணியில் வெட்டியதுபோல இருந்தன. வெயில் பட்ட இடம் செம்பு, வளைவில் சிவப்பு, நிழலுக்குள் போனதும் அடியில் பச்சை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். இத்தனை வருஷத்தில் நாம் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை, அத்தான். உங்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஓடி வந்தேன்.

பட்டறையில் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் புது நாற்காலி. நான் வாசலில் வந்து நின்றேன். நாலு அடி இருக்கும். நீங்கள் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்து, "யாரும்மா? யாரு வேணும்?" என்று கேட்டீர்கள்.

கோபத்தில் சொல்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். மறுபடியும் கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள், முன்பின் தெரியாத பொம்பளையிடம் கேட்பதுபோல. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பெயரைச் சொல்லாமலே திரும்பி நடந்தேன். சயான் பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கலர் மட்டும் போயிற்று என்று எழுதினீர்கள். முகமும் போய்விட்டது என்று எழுதவில்லை. இன்று காலை நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். போன வாரம்கூட மாத்திரை வாங்க வந்து, கண் நன்றாக இருக்கிறது என்றீர்களாம். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கெஞ்சினேன். அந்த மூன்று வாரம் இனி எங்கே போய்க் கிடைக்கும்? காரை முடிப்பதற்காகவா? என் முன்னால் நிமிர்ந்து நிற்பதற்காகவா? உங்களை அடிக்கவேண்டும்போல இருக்கிறது. அதைவிட, சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்காமல் விட்ட என்னை அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

இனி எவ்வளவு திரும்பும் என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. கண்ணைப் பிடிக்கிற அந்த மஞ்சள் அட்டை மாத்திரையை இன்றைக்குப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எது என்று வாசிமிடம் சொல்லியிருக்கிறேன், அவன் எடுத்து வைத்துக்கொள்வான். நாளைக் காலை முதல் ஆளாக உங்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். எட்டு மணிக்கு நான் பட்டறைக்கு வந்துவிடுவேன். கேட்கிறதற்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

வாசலுக்கு வந்ததும் நானே என் பெயரைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் யார் என்று கேட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை அதைக் கேட்க என்னால் முடியாது.

செல்வி